தூக்குக் கேட்டவள்

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் காலையில் பேப்பர் படிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. எங்கேயாவது ஒரு கொலை என்று செய்தி வந்தால் போதும், பால் ஊற்ற வந்தவர்கள் எல்லோரும் நீதிபதி ஆகிவிடுவார்கள். "இவனுகளை எல்லாம் உள்ள வெச்சுச் சோறு போடறதே தப்புங்க. தூக்குல போட்டாத்தான் நாலு பேருக்குப் பயம் வரும்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். கடைசியில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். "ஏனுங்கக்கா, நீங்க சொல்லுங்க."

இந்த விஷயத்தில் ஊருக்கே நான்தான் பெரிய ஆள். புருஷனைக் கொலைக்குக் கொடுத்தவள். நாமக்கல் கோர்ட் வாசலில் நின்று தூக்குத் தண்டனை கொடு என்று தொண்டை கிழியக் கத்தியவள். முன்பெல்லாம் அவர்களுக்குப் பதில் சொல்வேன், சத்தமாகவே சொல்வேன். இப்போதெல்லாம் கேனில் ஏதோ ஒட்டியிருப்பதுபோலக் குனிந்து தேய்க்க ஆரம்பித்துவிடுகிறேன். அவர்களும் பாவம், பழைய துக்கம் கிளம்பிவிட்டது என்று நினைத்துப் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள்.

நாமக்கல்லுக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஷெட் கோழிப்பண்ணை. மெயின் ரோட்டிலிருந்து பண்ணைக்கு வர ஒரே ஒரு வண்டித்தடம்தான். அது என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனின் விளைநிலத்துக்குள், எங்கள் பேச்சில் காட்டுக்குள், புகுந்து வரும். அவன் எனக்குக் கொழுந்தன் முறை. கல்யாணமான புதிதில் என் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான். பங்காளி என்றால் சொந்தம் மட்டும் இல்லை, குலதெய்வமும் ஒன்று, சாவுத் தீட்டும் ஒன்று. பகையும் அங்கேதான் வளரும். மாட்டுவண்டி போன காலத்தில் அந்தத் தடத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. தீவன லாரி வர ஆரம்பித்ததும் தடம் அகலமானது. அவனுடைய குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஒவ்வொரு வருஷமும் ஒரு வரிசை சக்கரத்துக்கடியில் போனது. அவன் சொல்லிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

ஒருநாள் காலை எட்டு மணிக்குத் தீவன லாரி டிரைவர் போன் செய்தார். தடத்தின் குறுக்கே கல்லுக்கால் நட்டிருக்கிறது, வண்டி ரோட்டிலேயே நிற்கிறது என்றார். ஷெட்டில் அன்றைக்குப் போடத் தீவனம் இல்லை. பசித்த கோழி போடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். "சொன்னாக் கேளுங்க, நாலு பேரைக் கூட்டிட்டுப் போலாங்க" என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

லாரி டிரைவர் ரோட்டோரக் கடைக்கு டீ குடிக்கப் போயிருந்தார். அடுத்து நடந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். கொழுந்தன் மண்வெட்டியால் வாய்க்கால் கோதிக்கொண்டிருந்தான். இவர் போய்க் கல்லைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். கல்லைத் தொடவே இல்லை. நேராகப் போய் அவன் இடது தோளில் கடப்பாரையால் ஓங்கி அடித்தார். அவன் முழங்காலிட்டு விழுந்தான். இவர் மறுபடியும் ஓங்கினார். விழுந்த இடத்திலிருந்தே அவன் மண்வெட்டியை வீசினான். ஒரே வீச்சு, கழுத்தில் பட்டது. அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணி" என்றான். பிறகு ஓடிப்போனான். இவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

போலீஸ் வருவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். கடப்பாரையை எடுத்துவந்து, தொட்டியில் கழுவி, முட்டை அட்டைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். சட்டமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. செத்துக் கிடக்கிற மனுஷனைப் பார்த்து 'நீதானே முதலில் அடித்தாய்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் மனசில் இருந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டபோது, "வெறுங்கையோட போயித் தடத்தைக் கேட்டாருங்க. அவன் வெட்டிப்போட்டானுங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பிறகு அது என் வார்த்தையாக இல்லாமல் காகிதத்தின் வார்த்தையாகிவிட்டது.

கொழுந்தன் ஆத்தூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பத்து நாள் ஒளிந்திருந்துவிட்டு கோர்ட்டில் சரணடைந்தான். அவனுக்கு வாய்த்த வக்கீல் ஒரு மகா புத்திசாலி. அன்றைக்கு இவன் ஊரிலேயே இல்லை, முந்தின நாளே ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு லோடோடு போய்விட்டான் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். தோளில் இருந்த அடியைக்கூட லோடு இறக்கும்போது விழுந்தது என்று சொல்லிவிட்டார். நான்கு சொந்தக்காரர்கள் வந்து ஆமாம் ஆமாம் என்று சாட்சி சொன்னார்கள். அரசு வக்கீல் எந்த வண்டி, எந்த ஆலை, எத்தனை மணி என்று கேட்கக் கேட்க நாலு பேரும் நாலு விதமாக உளறினார்கள். நான் உளறவில்லை. கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லிவிட்டு, வெறுங்கை என்றேன். குறுக்கு விசாரணையிலும் வெறுங்கை என்றேன். இரண்டு பொய்யில் என் பொய் கெட்டியாக நின்றது.

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. நான் அரசு வக்கீலைப் பிடித்துக்கொண்டேன். "தூக்கு இல்லீங்களா?"

"ஒரே வெட்டுங்கம்மா. இதுக்கெல்லாம் தூக்குக் குடுக்க மாட்டாங்க" என்றார் அவர், ஏதோ கடையில் சரக்கு தீர்ந்துபோன மாதிரி.

அன்றைக்குத்தான் கோர்ட் வாசலில் நின்று கத்தினேன். என் புருஷன் மண்ணுக்குள்ளே, அவன் ஜெயிலில் மூன்று வேளைச் சோறு தின்பதா என்று கேட்டேன். கலெக்டருக்கு மனுக் கொடுத்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது எனக்கு இருந்த ஆத்திரம் பொய்யில்லை. கடப்பாரையைக் கழுவியது நான்தான் என்பது நினைவில் இருக்கும்போதே, அவன் சாக வேண்டும் என்று மனசாரக் கேட்டேன். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் அடிதடி இல்லாமல் இருந்தன. எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மேல் கோர்ட்டிலும் தீர்ப்பு நின்ற பிறகு, கொழுந்தனின் அம்மா, என் சின்ன மாமியார், ஒருநாள் பண்ணைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சாமி, நான் சண்டைக்கு வரலை. ஒரே ஒரு காரியம் பண்ணு. நம்ம கோயிலுக்கு வா. உன்ர ஊட்டுக்காரன் கடப்பாரை எடுக்கலீன்னு சொல்லிக் கற்பூரத்தை அணைச்சுட்டுப் போ. அப்புறம் என்ர பையனைத் தூக்குல போடச் சொல்லி நானே எழுதிக் குடுக்கறேன்."

எங்கள் பக்கத்தில் கோர்ட் சத்தியம் வேறு, கோயில் சத்தியம் வேறு. கோர்ட்டில் சொல்வதை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். எதிராளி பொய் சொன்னால்கூட அவ்வளவாகக் கோபப்பட மாட்டார்கள். குலதெய்வத்தின் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொல்வது அப்படி இல்லை. அதில் பொய் சொன்னால் வம்சம் விளங்காது. படித்தவனும் நம்புகிறான், நானும் நம்புகிறேன். எனக்கு இருப்பது ஒரே மகன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது.

"கோர்ட்டே சொல்லியாச்சுங்க. இனிக் கோயில் எதுக்குங்க?" என்றேன்.

சின்ன மாமியார் என் முகத்தைப் பார்த்தார். "செரி சாமி, புரிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் யாரிடம் என்ன சொன்னாரோ, பங்காளி வீடுகள் எல்லாவற்றுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு அந்த நாகரிகம் நிறைய. கோயில் பண்டிகை வரும்போதெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்தது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஊரில் இருந்தால் எவராவது மகன் காதில் போட்டுவிடுவார்கள் என்று அவனை நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தேன். படிப்புக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் கதையை அவனுக்குச் சொல்வேன். வெறுங்கையோடு போனவர், வாசலில் வந்த பிச்சைக்காரனைக்கூட அதட்டாதவர் என்று சொல்வேன். அவன் கண் சிவக்கும்போது எனக்கு ஒரு நிம்மதி வரும். அது என்ன நிம்மதி என்று அப்போது யோசிக்கவில்லை.

சின்ன மாமியார் செத்தபோது, கொழுந்தனைப் போலீஸ் காவலோடு சில மணி நேரம் கூட்டிவந்து கொள்ளி வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பக் கூட்டிப்போனார்கள். நான் ஷெட்டுக்குள் கோழிகளோடு இருந்தேன்.

பதினாலு வருஷம் முடிந்தது. போன வருஷம் ஒருநாள் நன்னடத்தை அலுவலர் ஒருவர் பைக்கில் வந்தார். கைதியை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று விசாரிக்கிறார்களாம். அவன் ஊரிலும், பாதிக்கப்பட்ட குடும்பத்திலும் கேட்டு எழுத வேண்டுமாம். சின்ன வயது. நல்ல பையனாகத்தான் இருந்தார். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"உள்ள போயி பன்னெண்டாவது பாஸ் பண்ணியிருக்காருங்கம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குப் பாடம் சொல்லித் தர்றாரு. தறி ஓட்டறாரு. ஒரு சின்னப் புகார்கூட இல்லீங்க. நல்லாத் திருந்திட்டாரு."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "என்னத்தைத் திருந்தினான்? எந்தத் தப்பைத் திருத்திக்கிட்டானாம்?" என்று கத்தினேன். அலுவலர் பயந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அவன் கெட்டவனாகவே உள்ளே கிடந்தால் என் பொய்க்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். எங்கேயோ ஒரு ரவுடியாக, கஞ்சா விற்கிறவனாக அவனை நினைத்துப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் தூங்கினேன். அவன் யாருக்கோ அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தானாம்.

அப்போதுதான் சொன்னேன். கடப்பாரையைச் சொன்னேன், தோளைச் சொன்னேன், தொட்டியில் கழுவியதைச் சொன்னேன். பதினாலு வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்தது பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோனது. அவர் பேனாவை மூடிவிட்டார்.

"இதை எங்கீங்கம்மா எழுதறது? இதுல அதுக்கு இடமே இல்லீங்க. ஆட்சேபணை உண்டா, இல்லையா, அவ்வளவுதான் கேட்டிருக்காங்க."

ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் மனுஷி கதை மாதிரி சொல்லிக் கேட்டேன். கடப்பாரை விஷயம் அப்போதே வந்திருந்தால் கொலைக் கேஸே இவ்வளவு பெரிதாக நின்றிருக்காது, சில வருஷத்தில் வெளியே வந்திருப்பான் என்றார். இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். "யாருங்க நம்புவாங்க? சொல்றவங்களுக்குத்தான் தலைவலி" என்றார். மூன்றாம் மனுஷி யார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பிறகு சேலம் ஜெயிலுக்குப் போனேன். மனுப் போட்டுக் காத்திருந்தபோது, என்ன உறவு என்று கேட்டார்கள். அண்ணி என்று சொன்னேன். வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. இடது கையைக் கொஞ்சம் தூக்கியபடி வைத்திருந்தான். அந்தத் தோள் சரியாக ஒட்டவே இல்லையாம். சுற்றிலும் எல்லோரும் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "கோர்ட்டுல நான் பொய் சொன்னேன்."

"தெரியுமுங்க அண்ணி."

"அப்புறம் ஏன் நீ ஒரு வார்த்தை சொல்லலை?"

"எப்படிச் சொல்றதுங்க? நீங்க சொல்றது பொய்யின்னு சொல்லோணும்னா நான் அங்க இருந்திருக்கோணுமில்ல. நான்தான் ஆத்தூர்ல இருந்தேனே." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "வக்கீல் வாயைத் தொறக்காதேன்னுட்டாருங்க. அண்ணனைக் கொன்னது நான்தானுங்களே. அதுல பொய் இல்லீங்களே."

அவன் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பண்ணை எப்படி ஓடுகிறது என்று கேட்டான். முட்டை விலையைச் சொன்னேன். நேரம் முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது. நான் கேட்டதை அன்றைக்குக் கொடுத்திருந்தால்? அவனைத் தூக்கில் போட்டிருந்தால் நான் இந்நேரம் யாரிடம் போய் இதைச் சொல்லியிருப்பேன்? கொன்றவன் குற்றவாளி இல்லை என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் செத்தது செத்ததுதான், அவருக்குத் திருந்த ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் சாட்சி சொல்கிறவர்கள் என்னைப்போல மனுஷர்கள்தான் என்பதை, தூக்குக் கேட்கிறபோது யாரும் நினைப்பதில்லை. நானே நினைக்கவில்லை.

விடுதலை வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அவன் காட்டில் முள் வெட்டிச் சுத்தம் செய்ய ஆள்கூட விட்டேன். நாலு மாசம் கழித்து அந்த அலுவலர் போன் செய்தார். மனு தள்ளுபடி.

"நான் கையெழுத்துப் போட்டேனுங்களே!"

"போட்டீங்கம்மா. போலீஸ் ரிப்போர்ட்ல தட்டிப்போச்சு. இறந்தவரோட மகன் பக்கத்துத் தோட்டத்துலயே இருக்காரு, கைதி வெளிய வந்தா உயிருக்கு ஆபத்து, ஊர்ல அமைதி கெடும்னு எழுதிட்டாங்க. உங்க பையனே ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்காருங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாது. மகனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. படிப்பை முடித்துவிட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான். அதிர்ந்து பேச மாட்டான். போலீஸ் கூப்பிட்டுக் கேட்டபோது, எனக்கு மனக்கஷ்டம் வேண்டாமென்று நினைத்து என்னிடம் சொல்லாமலே போய், "அவன் வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். என் மேல் உள்ள பாசத்தால் செய்தது. நான் ஊட்டி வளர்த்த சோறுதான் அங்கே பேசியிருக்கிறது.

அன்று மதியம் அவன் முட்டை லோடு ஏற்றி அனுப்பிவிட்டுச் சாப்பிட வந்தான். தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். முதலில் அவன் நம்பவில்லை.

"அவிய ஆளுக யாராச்சும் வந்து மிரட்டினாங்களா? சொல்லுங்கம்மா."

இல்லை என்றேன். வயசாகி மனசு இளகிவிட்டதா, சாமியார் எவனையாவது பார்த்தீர்களா என்று கேட்டான். அதற்கும் இல்லை என்றேன். எழுந்து போய் ஷெட்டிலிருந்து அந்தக் கடப்பாரையைக் கொண்டுவந்து அவன் முன்னால் தரையில் வைத்தேன். இத்தனை வருஷமாகத் தூண் நட, குழி தோண்ட என்று அவனே எடுத்துப் புழங்கியதுதான். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போய் மாற்றி எழுதிக்கொடு சாமி, அவன் வரட்டும் என்று கெஞ்சினேன். பெற்ற பிள்ளையிடம் நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. என்ன என்று மாற்றி எழுதுவது, இவ்வளவு நாள் கொல்லுவேன் என்றவன் இன்றைக்கு மாட்டேன் என்றால் யார் நம்புவார்கள் என்று அவன் கேட்டான். நியாயம்தான். மறுபடி மனுப் போட எத்தனை நாள் ஆகும், போட்டால் எடுப்பார்களா என்று எனக்கும் தெரியவில்லை.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் குரலில் கோபமே இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவர்களிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டான்.

"அவருக்குத் தூக்குக் கேட்டீங்க. உங்களுக்கு நான் என்ன கேக்கட்டுமுங்கம்மா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தான். தட்டில் கை காய்ந்துபோகும் வரைக்கும் காத்திருந்தான்.